ஏழாம் இலக்கப் பெண்

வினோஜா கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் இணையமும் சமூகமும் படிக்கிற இறுதியாண்டு மாணவி. இணையத்தில் படம் பரவி அவமானப்பட்ட பெண்களைப் பற்றித்தான் ஆய்வு. பன்னிரண்டு பேர் சொன்னதைக் கணினியில் ஏற்றி, பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். பெயருக்குப் பதில் இலக்கம்.

ஏழாம் இலக்கம் அரியாலை றெபேக்கா. காதலிக்கச் சொல்லித் தொந்தரவு செய்த ஒருவன், அவள் மறுத்த கோபத்தில், அவள் முகத்தை வேறு யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டி முகநூலில் போட்டான், நாசமாய்ப் போனவன். இரண்டு நாளில் படம் நீக்கப்பட்டது. வீட்டுக்குத் தெரியவரவில்லை. தாயில்லாத அவளுக்கு எல்லாமே தகப்பன்தான்.

"அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது அக்கா. மனுசன் தாங்காது."

"என்னை நம்பும் றெபேக்கா. ஒரு குருவிக்கும் தெரியவராது."

விரிவுரையாளர் பரமலிங்கம்தான் குறை பிடித்தார். "எல்லாம் வெறும் இலக்கமாக் கிடக்கு. ஆளைப் பற்றி ஒரு வரியாவது போடும் பிள்ளை."

போட்டாள். 'ஏழாம் இலக்கம்: அரியாலை, வயது இருபத்திரண்டு, தேவாலயத்தில் ஓகன் வாத்தியம் வாசிப்பவர்.' அதன் கீழே, ஆய்வு முறைப்படி இன்னொரு வரி: 'பரவிய படம் மெய்யா பொய்யா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்காது.'

வினோஜா பிறந்து வளர்ந்தது அளவெட்டியில். அங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை நாதஸ்வரக்காரர்; நாதஸ்வரம் வாசிப்பவர் வீடு எது என்று கேட்டால், எந்த ஒழுங்கையில், யாருடைய மகன் என்று திருப்பிக் கேட்பார்கள். வாத்தியத்தைச் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

ஆய்வரங்கில் நல்ல கைதட்டல். யாரோ ஒரு புண்ணியவான் ஏழாம் இலக்கத்தின் வரிகள் தெரிந்த திரையைப் படமெடுத்து, 'எங்கடை பிள்ளையளின்ரை சாதனை' என்று முகநூலில் போட்டுவிட்டான். பின்னேரத்துக்குள் கருத்துகள் வந்து குவிந்தன. 'அரியாலையிலை ஓகன் எண்டால் நதானியேல் மாஸ்டரின்ரை மகளெல்லோ?' அதற்குக் கீழே, எவனோ ஒரு பாவி, எங்கே சேமித்து வைத்திருந்தானோ, அந்தப் பழைய படம்.

வினோஜா திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். றெபேக்காவின் போன் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையே ஸ்கூட்டியில் அரியாலைக்கு ஓடினாள்.

றெபேக்கா படலையடியில் நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"எங்கடை சேர்ச்சிலை ஓகன் வாசிக்கிறது நான் ஒருத்திதானே அக்கா."

"ஐயோ, எனக்கு அது தெரியாது றெபேக்கா. எங்கடை ஊரிலை மாதிரி எண்டு..." வினோஜாவுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"அது நானில்லை எண்டு நேற்றிலையிருந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன்."

நதானியேல் மாஸ்டர் வெளியே வந்தார். ஓய்வுபெற்ற கணித வாத்தியார். கையில் போன். இரண்டு அறை அறைவார் என்றுதான் வினோஜா நினைத்தாள். அறைந்திருக்கலாம்.

"நீர்தானே பிள்ளை ஆய்வு செய்தது?"

"ஓம் ஐயா."

"இவள் உது பொய்ப் படம் எண்டு சொல்லுறாள். நீர் ஏன் அதை எழுதேல்லை?"

"அது பொய்தான் ஐயா. எனக்கு வடிவாத் தெரியும்."

"தெரிஞ்சால் எழுதியிருப்பீர்தானே."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "பரவிய படம்... மெய்யா... பொய்யா..."

வாசித்து முடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பாராமலே உள்ளே போனார்.