மாதிரிப் பத்திரம்

"விலைவாசி, கொடுக்கல் வாங்கல், பத்திரம், இதெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களுக்குச் சொல்லித்தார புஸ்தகம் வேணுமுங்க பாய்" என்றாள் அம்சவேணி.

கொல்லிமலையிலிருந்து விடியுமுன் இறங்கியவள், சேந்தமங்கலத்தில் ஜாபர் உசேனின் சிலேட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஏழு வீட்டு மிளகையும் ஐந்து வருஷத்துக்கு ஒரே விலையென்று பேசி முடித்திருந்தார் தரகர் காளியண்ணன். நாளை ஏழு வீட்டுக்காகவும் பத்திரத்தில் கைநாட்டு வைக்கப்போகிறவன் அவள் புருஷன் அர்த்தனாரி. அந்த ஏழு வீட்டிலும் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜாபர் உசேன் இரண்டு புத்தகங்களைத் தூசி தட்டி வைத்தார். "தடிசு பொருளாதாரம். ஒல்லி வியாபாரப் பாடம். ரெண்டுமே மொதப்படிதான்."

"யுத்தம் நடக்குதே, மெளகு வெல ஏறுமா எறங்குமான்னு எது சொல்லுமுங்க?"

"அதச் சொல்ற புஸ்தகம் இருந்தா நான் எதுக்கும்மா சிலேட்டு வித்துக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தடித்ததைப் பிரித்தாள். சரக்கு குறைந்து வாங்குவோர் பெருகினால் விலை கூடும் என்றிருந்தது. இதைச் சந்தையில் கூடையோடு நிற்கிற எவளும் சொல்லிவிடுவாள். ஒல்லியைப் பிரித்தாள். மாதிரிப் பத்திரங்கள், பெயருக்கும் ஊருக்கும் இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். ஒன்றை வாய்க்குள் படித்துக்கொண்டே போனவள் பாதியில் நின்றாள். போன வாரம் காளியண்ணன் எல்லோருக்கும் படித்துக்காட்டிய பத்திரம் இதுதான். சொல்லுக்குச் சொல் இதேதான். ஆனால், அவர் படிக்காத ஒரு வரி இதில் இருந்தது: பேசிய சரக்கு எந்த வருஷம் குறைந்தாலும், ஈடாக விற்பவரின் நிலம் வாங்குபவரைச் சேரும்.

"இத வேற யாராச்சும் வாங்குனாங்களா பாய்?"

"போன மாசம் ஒரு தரகர் வாங்கினாரு. ஏம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

ஒல்லியை மடியில் கட்டிக்கொண்டு மலையேறினாள். பாதி வழியில் மேகம் இறங்கி மூடிக்கொண்டது. மேலே எங்கோ கல்லில் ஒரு குதிரையின் லாடச்சத்தம் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டு வாசலில் காளியண்ணனின் மட்டக்குதிரை நின்றது. நாளைக்கு வரவேண்டியவர். சுற்றிலும் ஆண்கள். அர்த்தனாரியின் கட்டைவிரலில் மை தடவியாயிற்று.

"இன்னிக்கே நாள் நல்லாருக்குன்னாங்க" என்றார் காளியண்ணன். "உங்க ஊட்டுக்காரரு நீங்க வந்தாத்தான் ஆச்சுங்கறாரு. கைநாட்டு வெக்கறதுக்குக் கூடவா பொம்பள தொணை?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் பத்திரத்தைக் கேட்கவில்லை. மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்து, நின்றபடியே உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். காளியண்ணனின் உதடுகளும் அவரறியாமல் கூடவே அசைந்தன. அந்த வரிக்கு வந்தாள். உதடுகள் நின்றன.

அர்த்தனாரி மை விரலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.