பியூலா வரட்டும்

தேவாரம் அடிவாரத்துத் தென்னந்தோப்பில் இறங்கிய யானை, வேலியை மிதிக்கத் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றது. நிருபர் பியூலாவின் ஸ்கூட்டர் அப்போதுதான் சிலமலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் வந்து இறங்கி, கேமராவைத் துடைத்து, தலையசைத்த பிறகு யானை காலை ஊன்றியது. மறுநாள் முதல் பக்கத்தில் படம். அவள் பத்திரிகையில் சேர்ந்த நாள்முதல் போடி வட்டாரத்தில் செய்தியாகத் தகுந்த எதுவும் அவள் இல்லாமல் நடப்பதில்லை. தீ பாதிக் கூரையோடு நின்றது. கட்சிக் கூட்டத்தில் ஓங்கிய நாற்காலி ஓங்கியபடி காத்திருந்தது. ஊர் முதலில் வியந்தது, பிறகு கரண்டு போவதைப் போலப் பழகிக்கொண்டது.

பழகாதவர் பாண்டித்துரை. போட்டிப் பத்திரிகையின் பகுதிநேர நிருபர். 'மூத்த செய்தியாளர்' என்று அவரே அட்டை அடித்துக்கொண்டவர். அவருடைய பைக்கின் முன்னும் பின்னும் 'பிரஸ்' என்று ஒட்டியிருக்கும், வீட்டு ஃபிரிட்ஜிலும். கூட்டங்களில் கிடைத்த சால்வைகளை மனைவி கற்பகம் ஜன்னல் திரையாகத் தைத்தாள். ஜன்னல்கள் தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். அவருக்குச் சம்பவ இடம் என்பது பஸ் ஸ்டாண்டு பேக்கரி. நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பார்த்து எழுதுவதை மற்றவர்கள் தலைப்பை மாற்றி அனுப்பிக்கொள்வார்கள். இருபது வருடம் அப்படி அனுப்பியும் முதல் பக்கத்தில் அவர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. பியூலாவின் பெயரோ அங்கேயே குடியிருந்தது. காலையில் பேப்பரை விரித்ததும் அவர் நெஞ்சில் ஏதோ ஏறும். இஞ்சி டீக்கும் இறங்காது. "ஜீப்பு டிரைவர் மகளுக்கு யானை காத்துக்கெடக்கு. எனக்கு ஒரு ஆடு நிக்கமாட்டேங்குது" என்பார். "நீங்க எந்த ஆட்டைத் தேடிப் போனீக?" என்பாள் கற்பகம்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் குரங்கணி ரோட்டுக்கு மேலே பாறை அசைவதாகத் தகவல் வந்தது. பாண்டித்துரை முதலில் பியூலா வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரின் இரண்டு சக்கரத்துக்கும் காற்றை இறக்கினார். பிறகு பேக்கரியில் உட்கார்ந்தே 'பாறை உருண்டது, போக்குவரத்து துண்டிப்பு' என்று அனுப்பினார். படம் பின்னால் வரும் என்றார். அங்கே போனால், இணையத்தில் உருண்டுவிட்ட பாறை ரோட்டுக்கு மேலே தென்னை உயரத்தில் அந்தரத்தில் நின்றது. கீழே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் வரிசை. பாண்டித்துரை பாறையைப் பார்த்துக் கையசைத்தார். கேமராவைத் தூக்கினார். கடைசியில் அடையாள அட்டையை நீட்டிக் காட்டினார்.

"பாறைக்குப் படிக்கத் தெரியாதுண்ணே" என்றாள் ஜீப்பிலிருந்த செல்லத்தாய். "வெரசா அந்தப் பிள்ளையக் கூட்டியாங்க. மலையில காயெடுப்பு கெடக்கு."

ஆசிரியரோ படம் கேட்டுப் போன்மேல் போன் அடித்தார். வேறு வழியில்லாமல் பாண்டித்துரையே இறங்கிப்போய்ப் பியூலாவைத் தன் பைக்கில் ஏற்றிவந்தார். "ரெண்டு வீல்லயும் எப்படிண்ணே ஒண்ணா காத்து இறங்கும்?" என்று அவள் வழியெல்லாம் கேட்டாள், அவர் வண்டிச் சத்தத்தில் காது கேட்காதவரானார். அவள் இறங்கித் தலையசைத்தாள். அவர் ஸ்டாண்டு போட்டுத் திரும்புவதற்குள், யாருக்கும் ஒரு கீறல் இல்லாமல், பாறை விழுந்து முடிந்துவிட்டது. மறுநாள் முதல் பக்கத்தில் பியூலா எடுத்த படம். ஓரத்தில் அவருடைய முதுகு. பெயர் இல்லை.

பிறகு பியூலா சென்னைக்குப் போய்விட்டாள். யானைகள் தூக்கிய காலோடு நின்று, அலுத்துப்போய்த் திரும்பின. போன வருடம் தை மாதம் பாண்டித்துரைக்கு நெஞ்சை அடைத்தது. இழுத்த மூச்சு வெளியே வராமல் பாதியில் நின்றது. டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "பியூலா இப்ப எங்க இருக்கு?" என்றார். கற்பகம் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "இங்க சோலி சாஸ்தி மதினி. இப்பக்கி வரமுடியாது" என்றாள் பியூலா.

"அவசரமே இல்ல தாயி. நீ நல்லா வேலையப் பாரு" என்றாள் கற்பகம்.

அன்றிலிருந்து பாண்டித்துரை அந்தப் பாதி மூச்சோடு பேக்கரிக்கு வருகிறார். வாக்கியங்கள் சிறுத்துவிட்டன, அவர் நடையில் ஏற்பட்ட ஒரே முன்னேற்றம் அதுதான். தன் மரணச் செய்தியைத் தலைப்போடும் படத்தோடும் முன்கூட்டியே அனுப்பிவைத்திருக்கிறார். முதல் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பியூலாதான் வரவில்லை. கிறிஸ்துமசுக்குக்கூட அப்பா அம்மாவைச் சென்னைக்கு வரவழைத்துக்கொள்கிறாள்.

"எம்பேரு மொதப் பக்கத்துல வந்துருமாம். அவளுக்கு வயித்தெரிச்சல்" என்கிறார் பாண்டித்துரை. பேக்கரியில் யாரும் மறுப்பதில்லை. டீ மாஸ்டர் இன்னொரு இஞ்சி டீயை அவர் முன்னால் வைக்கிறார்.