இரண்டு வைரத்துக்கு நடுவே

சனோபர் அண்ணனின் நகைக்கடைக்குள் நுழைந்தபோது, அவள் உருளையின் நான்கு திருகுகளும் தராசுத் தட்டில் கிடந்தன. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அருப்புக்கோட்டை பஜாரின் மண்டையைப் பிளக்கும் வெயிலில் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையருகே போனாள்.

அண்ணன் பாசித் நிமிரவில்லை. அவள் பையில் கொண்டுவந்திருந்த, உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளையைப் பிரித்துப் போட்டு, அதிலிருந்த வைரம் ஒன்றைக் கிடுக்கியில் பிடித்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தான்.

தப்பு அவள் வாயில்தான் ஆரம்பித்தது. அத்தா இறந்து வருஷம் திரும்பியதற்குப் பாத்திஹா ஓத வந்த இடத்தில், யாரும் விளையாட்டாகத் தொட்டுவிடக் கூடாதே என்று, "உள்ள ரெண்டு வைரம் இருக்கு, கை வச்சிராதீக" என்று அம்மாவிடம் சொல்லிவைத்தாள். நகைக்கடைக்காரன் வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா அது? அதுவும் அத்தா மௌத்தான அன்று பீரோவிலிருந்த இரண்டு வைரம் காணாமல் போன வீட்டில்? அவள்தான் எடுத்தாள் என்று நினைத்து, அன்றிலிருந்து பாசித் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

உருளைக்குள் இருந்த இரண்டு வைரங்களும் அவள் ஆராய்ச்சி செய்யும் ஆய்வுக்கூடத்துடையவை. அவற்றின் முனைகளுக்கு நடுவே, தகட்டில் போட்ட முடி கன ஓட்டைக்குள், ஒரு துணுக்கு செரியம் உலோகமும் ஹைட்ரஜனும் இருந்தன. பூமிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் அடியில் இருக்கும் அழுத்தத்தில் அவற்றை நெருக்கி, லேசரால் சுட்டிருந்தாள். ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்தது. உலோகம் உப்பி, பொடிப்பொடியாய்ப் படிகங்கள் முளைத்தன. சூடுகாட்டிச் சூடுகாட்டி ஏழு மாதம் காத்ததில், ஒரு படிகம் மட்டும் பக்கத்துப் படிகங்களைத் தின்று வளர்ந்தது. அதை எக்ஸ்ரேயில் படம்பிடிக்கத்தான் பாத்திஹா முடிந்ததும் வடக்கே போகவிருந்தாள். அங்குள்ள எக்ஸ்ரே கருவியில் ஒரு வருஷம் காத்துக் கிடைத்த மூன்று நாள். அந்தப் படம் இல்லாமல் அவள் படிப்பு முடியாது.

"என் பையத் தொறக்க யாருண்ணே சொன்னா?"

"கல்லு யாருதுன்னு பாக்க வேணாமா?"

"பாத்தாச்சா?"

"அத்தா கல்லு இல்ல. இது முனை மொட்டையா இருக்கு." ஒரு வருஷப் பழி அவ்வளவு லேசாக இறங்கியது. மன்னிப்பு அவன் வாயில் வருமா என்ன? "கீறல் இல்லாம பதனமாத்தான் கழட்டுனேன். கொண்டுபோயித் திரும்ப முடுக்கிக்க."

அவள் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை காலியாக இருந்தது.

"உள்ள இருந்தது எங்க?"

"என்ன இருந்துச்சு? கருப்பா தூசி. ஊதிட்டுத்தான பாக்கணும்."

எந்தக் கல்லையும் ஊதிவிட்டுத்தான் லென்ஸில் பார்ப்பார்கள். அத்தாவும் அப்படித்தான்.

"முடுக்குன திருகத் தளத்துனப்பவே அது செத்துப்போச்சு. ஹைட்ரஜன் ஓடிருக்கும்," என்றாள். குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. "செத்ததையாச்சும் கொண்டுபோயிக் காட்டிருப்பேன். அதையும் ஊதிட்ட." பிறந்ததிலிருந்து நீங்க என்றே கூப்பிட்ட அண்ணனை நீ என்றாள். "என்னயக் களவாணின்னு நெனச்சியே, நெஜமாவே களவாண்டிருக்கலாம்டா நான்."

பாசித் லென்ஸைக் கீழே வைத்தான். பிறகு பட்டறை மூலையிலிருந்து, தங்கத் துகள் கூட்டும் மெல்லிய துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துவந்து, அவள் முன்னால் மண்டியிட்டான்.

மேசையடி, நாற்காலியடி என்று ஒரு பொட்டு விடாமல் கூட்டிக்கொண்டே வந்து, அவள் செருப்பருகே துடைப்பத்தை நிறுத்தி, அண்ணாந்து பார்த்தான்.

அவள் காலை நகர்த்தவில்லை.