பதினெட்டு அச்சுகள்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் பழைய இரும்பு வாங்கும் பியன் தன் மூன்று சக்கர வண்டியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உள்ளே யுன்சியாவின் புருஷன் குவோதோங் குந்தி உட்கார்ந்து, எடைக்குப் போகப்போகிற சிலிக்கோன் வார்க்கும் இரும்பு அச்சுகளுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். எந்திரத்திலிருந்து அச்சைக் கழற்றினால் துருப்பிடிக்காமல் உள்வாய்க்கு எண்ணெய் தடவித்தான் மூடிவைக்க வேண்டும். சீனாவின் டோங்குவானில் இந்த வேலைக்கு வந்தவன் எவனுக்கும் முதல் வாரத்திலேயே கை அப்படிப் பழகிவிடும். ஆனால் உருக்கப்போகிற இரும்புக்கு யாராவது எண்ணெய் பூசுவார்களா?

"முதலாளியம்மா, வந்து பாருங்க. உங்க வீட்டுக்காரர் பொணத்துக்குப் பவுடர் போடுறாரு!" என்றார் பியன்.

யுன்சியா சிரிக்கவில்லை. பதினெட்டு அச்சும் வண்டியேறிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. கடந்த மாதம் ஓட்டல் கூடத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்தே அவளுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். ஒன்றுமில்லாமல் தொடங்கி மூன்று கம்பெனிகளை உருவாக்கிய ஒருவர் மேடையில் பேசினார். "நட்டம் வருகிற தொழிலை எந்த மடையனும் விட்டுவிடுவான். சுமாராக ஓடுகிற தொழிலை விடுகிறவன்தான் பெரிய ஆளாகிறான்" என்றார். நானூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் அழுதாள். குடுவை மூடிக்கு வளையம், குக்கருக்கு வளையம், கைப்பேசி உறை, குழாய்க்கு வாஷர் என்று பதினெட்டு சிலிக்கோன் சாமான்களைச் சுமாராகச் செய்து, சுமாராக விற்று, நாற்பத்தாறு வயதாகிவிட்டதே என்றுதான் அழுதாள். பத்தொன்பதாவது, குழந்தைக்குச் சோறூட்டும் மெத்தென்ற கரண்டி. அது ஒன்றுதான் கேட்டுக் கேட்டு வாங்கிப் போகிற சாமான். இனி அது மட்டும்.

வகுப்புக்காரர்களுக்குக் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. தினமும் மாலை ஆறு மணிக்குள் அன்றைக்கு எதை விட்டோம் என்று எழுதவேண்டும். அவள் காப்பீடு பிடித்துக் கொடுப்பதை விட்டாள், சதுக்கத்து நடனத்தை விட்டாள், தங்கச்சியோடு சேர்ந்து தேயிலை விற்றதை விட்டாள். ஒவ்வொரு முறையும் முப்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மறுநாள் காலையில் பழையபடி நெஞ்சு பரபரக்கும், இன்னும் எதை விடலாம் என்று.

பதினெட்டாவது அச்சும் ஏறியது. பியன் கயிறு கட்டப் போனார். குவோதோங் கந்தல் துணியில் கையைத் துடைத்தான்.

"உன் வகுப்பு நோட்டுல சாமான் பட்டியல் முடிஞ்சுது. அடுத்த பக்கம் எப்ப?"

"எந்த அடுத்த பக்கம்?"

"ஆளுங்க பக்கம். ஒரே ஒரு பேருதான் இருக்கு. எம்பேரு."

அவளுக்கு முகம் சுட்டது. வகுப்பின் மூன்றாம் நாள், உங்களிடம் வேலை செய்கிறவர்களின் பெயருக்கு எதிரே சிறப்பு, சுமார், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றை எழுதச் சொன்னார்கள். அவளிடம் வேறு யார் இருக்கிறார்கள்?

"அது... வகுப்புல எழுதச் சொன்னாங்கப்பா."

"எழுதச் சொன்னாங்க, சரி. சுமார்னு எழுதணும்னு அவங்களா சொன்னாங்க?"

வாசலில் பியன் திடீரென்று கயிற்று முடிச்சில் ரொம்ப அக்கறை காட்ட ஆரம்பித்தார்.

"கோவமெல்லாம் இல்ல. யோசிச்சுப் பார்த்தேன், நீ சரியாத்தான் எழுதியிருக்க. உனக்கு ஓட்டம் வேணும். எனக்கு நடந்தா போதும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் பொய் சொன்னதில்லை.

"பியன் அண்ணே, உங்களுக்கு இடுப்பு சரியில்ல. இறக்க நானும் வரேன்." குவோதோங் அச்சுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எப்ப வருவ?" என்றாள்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவன் கையைத் தூக்கினான். திரும்பி வருகிறேன் என்பதா, ஒரேயடியாகப் போகிறேன் என்பதா, அவளுக்கு விளங்கவில்லை.

மத்தியானம் போயிற்று, அவன் வரவில்லை. அவள் கரண்டி அச்சை எந்திரத்தில் ஓட்டினாள். வாய் திறந்ததும் எட்டுக் கரண்டிகள் சூடாக வந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெங்காயத் தோல் போல மெல்லிய சவ்வு நின்றது. அதைச் சீவி எடுப்பது எப்போதும் அவன்தான். அவள் சின்னக் கத்தியை எடுத்தாள். முதல் கரண்டியின் உதடு கிழிந்தது. இரண்டாவதும். நாலாவது பரவாயில்லை. அதற்குள் எந்திரம் மறுபடி வாயைத் திறந்தது.

ஆறு மணிக்குக் கைப்பேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. இன்று நீங்கள் எதை விட்டீர்கள், எதை விட்டீர்கள். அவள் அதைத் திருப்பிக் கவிழ்த்துவைத்தாள். மின்விசிறிக் காற்றில், சீவாத கரண்டிக் குவியலில் அத்தனை விளிம்புகளும் ஒன்றாக நடுங்கிக்கொண்டிருந்தன.