ஒரு மணி முதல் ரெண்டு வரை

தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலையில் கால்வாய்க் கரைப் புல்லை வெட்டும் நாங்கள் பதினாலு பெண்கள். சோற்றுக்கு ஒரு மணி முதல் ரெண்டு வரை விடுவார்கள். பதிமூன்று பேர் தின்றுவிட்டுச் சாய்வோம். ஜெம்மா மட்டும் நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். பொழியூரில் வீட்டைக் கடல் எடுத்த பிறகு அக்காள் வீட்டில் பதினோரு பேரோடு கிடக்கிறவள். அங்கே எழுத இடம் ஏது, நேரம் ஏது?

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. இங்கே ஒருத்தி பேனாவை எடுத்தால் பராதி எழுதி மேலிடத்தில் புகார் சொல்லத்தான். அடுத்த வாரம் பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்று வேறு பேச்சு. வேலையை மேற்பார்க்கும் எங்கள் மேட் பிரசீதா காலையில் எங்களை நிறுத்தி வருகைப் போட்டோ எடுத்து ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவாள். மத்தியானப் போட்டோவுக்குத்தான் திரும்புவாள்.

"ஆளை ஆளைப் பாத்துல்லா எழுதுதா. பராதியா இருந்தா நாளை முதல் இவ இங்க வரண்டாம்" என்றாள் பிரசீதா.

ஜெம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பிரசீதா நோட்டைத் தூக்கினாள். உள்ளே தமிழ். எல்லாரும் தமிழ் பேசுவோம், படித்தது கேரளத்துப் பள்ளியில், மலையாளம். ஜெம்மாவை விட்டால், எல்லை தாண்டிக் களியக்காவிளையில் அஞ்சு வரை தமிழ் படித்தவள் நான் ஒருத்தி.

"குமாரியக்கா, வாசியுங்கோ."

ஜெம்மா திரும்பி வந்து அப்படியே நின்றாள்.

எழுத்துக்கூட்டி மனசுக்குள்ளேயே படித்தேன். பெயர் ஒன்றும் இல்லை. ஒருத்தி போட்டோ எடுத்ததும் வீட்டுக்கு ஓடுகிறாள், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போட. இன்னொருத்தி, பேரப்பிள்ளை கண்டவள், இறங்கிப்போன கர்ப்பப்பையைத் துணியால் வரிந்து கட்டிக்கொண்டு புல் வெட்டுகிறாள். அடிக்கடி புதருக்குப் பின்னால் போய்க் கட்டைச் சரிசெய்கிறாள். ஒருவருக்கும் தெரியாது என்று நினைக்கிறாள்.

என் காது சுட்டது. என் மகளுக்கே அது தெரியாது.

"என்னவாக்கும்?" என்றாள் பிரசீதா.

"கதை."

"ஆருக்க கதை?"

"கடலில வீடு போனவளுக்க கதை."

"அதுக்கு எதுக்கு என் மூஞ்சியப் பாக்கணும்?"

"உன் மூஞ்சியப் பாத்தா ஆருக்கும் கடல் கேறின நினைப்பு வருமாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிரசீதா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நோட்டை ஜெம்மா கையில் திணித்தாள்.

புல் வெட்டும்போது ஜெம்மா என் பக்கம் நகர்ந்தாள். "அக்கா, அந்தத் தாளைக் கிழிச்சிடட்டா?"

"கிழிச்சா நாளைக்கு என்ன எழுதுவ?"

"தெரியாது. வேற ஒண்ணும் வரமாட்டேங்கு."

நான் அடுத்த புல்லுக்கு நகர்ந்தேன்.

மறுநாள் ஒரு மணிக்கு அவள் எழுத உட்கார்ந்தாள். கட்டு நழுவியும் நான் புதர்ப்பக்கம் போகவில்லை. ரெண்டு மணி வரை வலியை அடக்கிக்கொண்டு, அவள் பேனாவையே பார்த்தபடி இருந்தேன்.