சின்னவள் கடக்கும் வேளை

இரவெல்லாம் இமையாது வானை நோக்கிய வானாய்வகக் குவிமாடம் விடியலில் தன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்ள, மலைமுகட்டைத் தழுவிய பனிமூட்டம் வெயில் பட்டுக் கலைந்து சரிவெங்கும் இறங்க, பணியாளர் குடியிருப்பின் சாளரங்கள் ஒவ்வொன்றாய்ப் பொன்னிறம் பூண்ட காலைப்பொழுது அது. படிப்போரே, அவ்வொளியில் நனைந்தும் குளிர் நீங்காதவளாய், மடித்த தாளொன்றைக் கையில் பற்றியபடி, வானியல் ஆய்வாளர் ஒருத்தி தன் வீட்டு வாயிலில் நெடுநேரம் நின்றிருந்தாள்.

உள்ளே, வலப்புறம் செயலிழந்து, மருத்துவரும் கைவிட்ட நிலையில் அவள் கணவர் கிடந்தார். ஒன்பது ஆண்டுகட்கு முன், தொலைவிலுள்ள விண்மீன் ஒன்றின் ஒளி நாற்பத்தொரு நாளுக்கொரு முறை இம்மியளவு மங்குவது கண்டு, அதன்முன் கோளொன்று கடக்கிறதென இருவரும் உலகுக்கு அறிவித்திருந்தனர். மகப்பேறு வாய்க்காத அவ்வில்லத்தில் அக்கோளுக்குச் சின்னவள் என்று பெயர். அவள் கடக்கும் வேளைதோறும் சாளரத் திரையை விலக்கி இருவரும் பேசாது அமர்ந்திருப்பர். இன்றும் அவள் கடக்கும் நாள்.

தாளில் இருந்ததோ புதிய தொலைநோக்கி எடுத்த படம். பழைய கருவிக்கு ஒரே புள்ளியாய்த் தெரிந்த இடத்தில், அவ்விண்மீனுக்கும் அப்பால், ஒன்றையொன்று மறைத்துச் சுழலும் மங்கிய விண்மீன் இணை ஒன்று ஒளிந்திருந்தது. மங்கியது அவ்விணையின் ஒளியே. கோள் என்றுமே இருந்ததில்லை. இதை மறைத்துவிட்டால் அவர் அமைதியாய்க் கண்மூடுவார். ஆயினும் அவரிடம் அவள் எதையும் மறைத்தறியாள்.

"என்னம்மா, வாசல்லயே வேர் விட்டுட்டியா? திரையை விலக்கு, சின்னவ வர்ற நேரம்," என்றார் அவர், குழறிய நாவால்.

"அவ வரமாட்டா. வந்ததே இல்ல." தாளை விரித்து அவர் கண்முன் பிடித்தாள்.

அவர் நெடிது நோக்கினார்.

"பக்கத்துல வேற நட்சத்திரம் இருக்கான்னு பார்த்துடலாம்னு நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் அவசரப்பட்டுப் பறந்தேன்."

"நானும்தானே கையெழுத்துப் போட்டேன்."

"மறுப்பறிக்கை எழுது. என் பேரை முதல்ல போடு. கண்டுபிடிச்சப்போ முதல்ல போட்டுக்கிட்டேன்ல." சற்றுப் பொறுத்து, "சரி, திரையை விலக்கு. அந்த ரெண்டு பேரையாவது பார்ப்போம்," என்றார்.

பகல்வானில் காண ஏதுமில்லை. அவள் விலக்கினாள், இருவரும் பேசாது அமர்ந்தனர்.

அறிக்கை அச்சேறியபோது முதற்பெயருக்குரியவர் உயிருடன் இல்லை. அந்தக் காலையிலிருந்து நாற்பத்தொன்றாம் நாள், அதே வேளையில், அவள் தனியே அத்திரையை விலக்கினாள். உண்மை ஒரு கோளை வானினின்று அகற்ற வல்லது. அதற்கெனக் காத்திருந்த பொழுதுகளை அகற்றும் ஆற்றல் அதற்கில்லை.