ஆமென் இல்லாத வியாழக்கிழமை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒரு வரியைத் திருடினேன். திருவனந்தபுரத்தில் ஒரு சபையின் ஸ்திரீகள் சங்கக் குறிப்பேட்டில், 1936 ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், 'பாடம்: சமாரிய ஸ்திரீ. நடத்தியவர்: எலிசாள். ஜெபத்துக்கு ஆமென் சொல்லப்படவில்லை' என்றிருந்தது. அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்த வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. எலிசாள் வேதப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி...' (வேண்டாம். ஜூலையில் இந்த ஊரில் மழை பெய்வது ஒரு செய்தியா?)

இரண்டாவது: 'எலிசாள் நல்லவள்.' (எழுதியதுமே சந்தேகம் வந்துவிட்டது.)

சரி, நேராகவே சொல்கிறேன். எலிசாள் வியாழன்தோறும் சபைக் கோவிலில் பதினோரு பெண்களுக்கு வேதபாடம் நடத்துபவள். கோவில் மணியடிக்கும் தங்கையனின் மனைவி சரசம்மா அவர்களில் ஒருத்தி. கோவிலுக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. புதன்கிழமை சாயங்காலம் அவள் எலிசாளின் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, பிள்ளைக்குப் பனி* ஒம்பது நாளா விடேல்ல. வித்துராவுல உள்ள வைத்தியரிட்ட கொண்டுபோயி கறுப்புக் கயிறு ஓதிக் கெட்டிட்டேன். இப்பம் பனி விட்டாச்சு. அறுக்க எனக்குப் பேடியா இருக்கு. ஆரிட்டயும் சொல்லிராதிய."

"நான் ஆரிட்டச் சொல்லப்போறேன் பிள்ளே? கர்த்தரிட்ட மட்டும் சொல்லுகேன்."

(* இந்தப் பக்கத்தில் காய்ச்சலுக்கு அதுதான் பெயர். பேடி என்றால் பயம்.)

3

மறுநாள் பாடத்துக்குச் சரசம்மா பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிணற்றடியில் இயேசு சமாரிய ஸ்திரீயோடு பேசும் பாடம் நன்றாகவே நடந்தது. "சீஷன்மாரெல்லாம் ஊருக்குள்ள போயி, ஆரும் இல்லாதப்பம்தான் அவளுக்க காரியத்த அவரு கேட்டாரு" என்று எலிசாளே அழுத்திச் சொன்னாள். பிறகு எல்லோரும் கண்ணை மூடினார்கள். இந்தச் சங்கத்தில் முடிவு ஜெபம் பெயர் சொல்லித்தான் நடக்கும். இன்னாருக்கு இடுப்புவலி, இன்னாருடைய மகளுக்கு வரன். பத்துப் பெயர் முடிந்தது. எலிசாளின் குரல் உருகியது.

"ஆண்டவரே, எங்க சகோதரி சரசம்மா பிள்ளைக்க கையில கயிறு கெட்டின பாவத்த மன்னியும்..."

அவள் ஏன்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. மறந்தாளா? பக்தியில் வாய் தவறியதா? கயிற்றை அறுக்கவைக்க இதுதான் வழி என்று நினைத்தாளா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றாவதை எழுதும்போது அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அடித்துவிட்டேன்.)

முன்னால் உட்கார்ந்திருப்பது போதகரின் மனைவி ரத்னாபாய். மந்திரக் கயிறு கட்டுகிற வீட்டாருக்குச் சபையில் வேலையில்லை என்பது கண்டிப்பான சட்டம். தங்கையனுக்கு வேலை போனால் அறையும் போகும்.

4

முடிவு (அ): சரசம்மா கயிற்றை அங்கேயே பல்லால் கடித்து அறுக்கிறாள். அன்று இரவே பிள்ளைக்கு மறுபடியும் பனி. (அந்தப் பிள்ளைக்கு என்னால் இதைச் செய்ய முடியாது.)

முடிவு (ஆ): ரத்னாபாய் காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறாள். (ஆசைதான். மற்ற ஒன்பது பேருக்கும் கேட்டிருக்கிறதே.)

முடிவு (இ):

இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். குறிப்பேட்டில் கயிறு கிடையாது. பிள்ளையின் கையில் அதைக் கட்டியது நான்தான். கட்டியவனே அறுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், கை வரவில்லை.

ஆகவே எலிசாள் பாதியில் நிற்கிறாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. ஆமென் சொன்னால் சரசம்மாவைப் பாவி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதாகும். சொல்லாமல் கண்ணைத் திறக்கும் வழக்கமில்லை. சரசம்மா பிள்ளையின் மணிக்கட்டைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை தூங்குகிறது, உடம்பில் சூடில்லை.

பாயில் ஓரமாக உங்களுக்கும் இடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் அந்த முதல் குரலுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அது உங்களுடையதா?